நாலு பேர் தள்ளினால் ஓடும்

பயிற்சி வகுப்பு முடிந்து நான் ஊர் திரும்பிய அன்று என் கணவர் ரயில் நிலையத்துக்கு வரவில்லை. வாடகைக் காரில் வந்து இறங்கினேன். பார்த்தால், இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் அவ்வளவு பதவிசாக நின்றதில்லை. பக்கத்தில் என் கார், பளபளவென்று கழுவி, பானட்டைத் திறந்து வைத்திருந்தது.

"கண்ணை மூடிக்கோ" என்றார்.

"ரெண்டு கையிலயும் பெட்டி. கண்ணையும் மூடினா தடுக்கித்தான் விழுவேன். என்னன்னு சொல்லுங்க."

"சொல்ற விஷயம் இல்ல இது. பாக்கற விஷயம்."

எட்டிப் பார்த்தேன். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த இன்ஜின் அது. எண்ணெய் பார்க்கும் குச்சி எங்கே, தண்ணீர் ஊற்றும் மூடி எங்கே என்று இருட்டிலும் கை தானாகப் போகும். இப்போது அதன் பக்கவாட்டில் நான்கு வெள்ளிக் குழல்கள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. பழைய இரண்டு கார்புரேட்டர்களையும் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த கறுப்பு ஏர் ஃபில்டர் டப்பாவையும் காணோம். முன்னால் பல் வைத்த பெல்ட் ஒன்று ஓடி, கைமுட்டி அளவு ஓர் உருளைப் பம்ப்பில் போய் முடிந்தது. உருளையிலிருந்து குழலுக்கு ஒன்றாக நான்கு மெல்லிய பைப்புகள்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டிக்குள் பல வருஷம் தூங்கிய சாமான். பெருக்கும்போதெல்லாம் என் கால் கட்டைவிரல் அதில் இடித்து ரத்தம் கட்டியிருக்கிறது.

"கல்யாண நாள் பரிசு" என்றார். "எனக்குத் தெரிஞ்சதிலயே உசத்தியான பொருள் இதான். உன் கார்ல மாட்டிட்டேன்."

முதல் ரேங்க் வாங்கிய பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் என்ன சொல்வது? "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவைத்தேன்.

அவர் முன்பு கார் ரேஸ் டீம் ஒன்றில் இருந்தவர். ஓட்டுகிறவர் இல்லை. ஓடுகிற இன்ஜினுக்குப் பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து வைக்கிறவர். பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் வேலை என்பதால் டீமில் அவருக்கு ஊசி என்றே பெயர். நானோ வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற நர்ஸ். எங்கள் கல்யாணத்துக்கு வந்த டீம் ஆட்கள், "வீட்டுல ரெண்டு ஊசி ஆச்சு, நூலு எப்போ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மறு வருஷம் மகள் பிறந்தாள். டீம் பின்னாளில் கலைந்துபோனது. அவர் அந்த மரப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். இப்போது தெருமுனையில் ஒரு பட்டறை வைத்துத் தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரும் பழுதுபார்க்கிறார். கை வேலை செய்யும். மனசு பெட்டிக்குள் இருக்கும்.

கார் மட்டும் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில், ஒரு பள்ளிக்கூட டீச்சரிடமிருந்து நானே பார்த்துப் பேசி வாங்கினேன். அப்போதே அது பழைய கார். ஆனால் சாவியைத் திருகினால் கிளம்பிவிடும். மழையா, குளிரா, ஒரு வாரம் தொடாமல் நின்றதா, அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளத் தெரியாது. எங்கள் வீட்டில் சொன்ன பேச்சு கேட்டது அது ஒன்றுதான்.

"வா, ஒரு ரவுண்டு போலாம்" என்றார். பெட்டியை உள்ளே வைக்கக்கூட விடவில்லை.

ஊரைத் தாண்டிய பெரிய சாலையில் அவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோது, உள்ளபடியே சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கிழட்டு இன்ஜின் அப்படி ஒரு குரலை எங்கே வைத்திருந்தது! முதலில் உறுமல், அப்புறம் கிழிக்கிற மாதிரி ஒரு கூவல். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். பின்னாடி எதைச் சொன்னாலும், "அன்னிக்கு நீ எப்படிச் சிரிச்ச!" என்பதுதான் பதில்.

மறுநாள் காலையிலிருந்து தொடங்கியது என் பாடு.

முன்பு சாவியைத் திருகினால் போதும். இப்போது அது ஒரு சடங்கு. முதலில் டிக்கியில் புதிதாக மாட்டிய பெட்ரோல் பம்ப்பின் சுவிட்சைப் போட வேண்டும். அது 'ங்ஙீ' என்று மாடி வீட்டுக் குழந்தை மாதிரி அலறும். அலறல் அடங்கி ஒரே சுருதிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே புதிதாக முளைத்திருக்கும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலை ஆக்ஸிலேட்டரில் பாதி வைத்து, சாவியைத் திருகி, இன்ஜின் பிடித்தவுடன் கம்பியை விட்டு, காலை மட்டும் எடுக்காமல்... இதில் ஒன்று தப்பினாலும் பிளக் நனைந்துபோகும். நனைந்தால் கழற்றித் துடைக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில்.

கிளம்பிய பிறகாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. என் வேலையோ துண்டு துண்டான வேலை. ஒரு வீட்டில் ஆபரேஷன் புண்ணுக்குக் கட்டு மாற்றுவேன். நாலு தெரு தள்ளி ஒருவருக்கு ஊசி. அங்கிருந்து மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொருவருக்கு டியூப் மாற்ற வேண்டும். இன்ஜின் சூடாவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். நடுவில் சிக்னல், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம். காலை எடுத்தால் கார் இருமும். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். பச்சை விளக்கு எரியும். பின்னால் ஹாரன். மறுபடி பம்ப், கம்பி, கால், சாவி. பச்சை போய்ச் சிவப்பு வந்துவிடும்.

"ஏம்மா, வண்டியை மியூசியத்துல விட்டுட்டு வாங்க!" என்று ஒரு லாரிக்காரர் கத்தினார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சரியான யோசனைதானே.

டிக்கி என்று ஒன்று இருந்தது. அங்கேதான் என் மருந்துப் பெட்டியையும் பஞ்சு, துணிக்கட்டுகளையும் வைப்பேன். இப்போது அங்கே பம்ப், வடிகட்டி, இடமில்லாமல் பின்னால் குடிபெயர்ந்த பேட்டரி. ஸ்டெப்னி சக்கரம் பின் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. என் பெட்டி அதன் மடியில். எல்லாவற்றிலும் பெட்ரோல் வாடை. கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது.

என் நோயாளிகளில் ஒருவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்து படுத்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்து, "நர்ஸம்மா வர்றாங்க, தீப்பெட்டியை எடுத்து உள்ள வை!" என்று மனைவியிடம் குரல் கொடுப்பார். எனக்கும் சிரிப்பு வரும். அடுத்த வீட்டில் வராது. அங்கே மூச்சுத் திணறல் உள்ள பெண்மணி. நான் பக்கத்தில் போனதும் இருமத் தொடங்கிவிட்டார். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, சட்டையின் மேல் வேறு அங்கி போட்டுக்கொண்டு வேலை செய்தேன். அன்று கட்டுத் துணிகளை வீசியெறிந்துவிட்டுப் புதிது வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து சொல்வேன். சொல்லாமல் இருப்பேனா? ஆனால் அவரிடம் சொல்வதுதான் பெரிய எரிச்சல்.

"சிக்னல்ல நின்னுடுச்சுங்க."

"கால் எடுத்த உடனேயா? கொஞ்சம் கழிச்சா?"

"ரெண்டு தடவை இருமிட்டு."

"கறுப்புப் புகையா?"

"நான் உள்ள உக்காந்திருக்கேன், புகையை யாரு பாத்தா?"

"அடுத்த தடவை கண்ணாடில பாரு." முகம் மலர்ந்துவிடும். "ரிச் மிக்ஸ்சர். அதான். பெட்ரோல் கூடுது. உருளைக்குள்ள கேம்னு ஒரு வளைஞ்ச துண்டு இருக்கு, அதோட வளைவு ரேஸ் இன்ஜினுக்குச் செதுக்கினது. கீழ் வேகத்துல அது கணக்குல வராது. நான் கொஞ்சம் தேய்ச்சுப் பாக்கறேன்."

நான் கொண்டுபோவது புலம்பல். அவர் வாங்கிக்கொள்வது பழுது. புலம்பலுக்குப் பதில் சொல்ல வேண்டும். பழுது என்றால் சரிசெய்தால் போதுமே. விடுமுறை நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு கழற்றுவார், தேய்ப்பார், மாட்டுவார். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்போ பாரு" என்பார். இப்போது சிக்னலில் நிற்காது, மேட்டில் ஏறாது. மேட்டில் ஏறும்படி செய்தால், காலையில் கிளம்பாது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் உப்புகிற கதைதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தோளைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "எந்த கியர்ல இருந்தப்போ நின்னுச்சு?" என்றார்.

"நான் செத்தாக்கூட எந்த கியர்ல செத்தேன்னுதான் கேப்பீங்க!"

வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். நான் பெற்ற பெண், புரிந்துகொள்வாள் என்று. "அம்மா, அப்பா எவ்ளோ ஆசையா பண்ணியிருக்காரு. உலகத்துல யாரு பொண்டாட்டிக்கு ரேஸ் கார் இன்ஜெக்ஷன் மாட்டிக் குடுப்பாங்க? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

"அவரும் அட்ஜஸ்ட்தான்டி பண்றாரு. தினமும். அதான் பிரச்சினையே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொன்னால் புரியாது, அனுபவித்தால் புரியும். ஒருநாள் காலை சாவியை அவர் கையில் கொடுத்தேன். "இன்னிக்குப் பட்டறைக்கு லீவு விடுங்க. என்னோட எல்லா வீட்டுக்கும் நீங்கதான் ஓட்டிட்டு வரணும்."

அவருக்கு ஒரே குஷி. என் திட்டம் முதல் சிக்னலிலேயே கவிழ்ந்தது. அவர் கையில் அந்தக் கார் நிற்கவே இல்லை! ஒரே காலால் குதிகாலில் ஆக்ஸிலேட்டரும் விரல்களில் பிரேக்குமாக, நிற்கும்போதும் இன்ஜினை உறும வைத்துக்கொண்டே இருந்தார். கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் காது இன்ஜினுக்குள் இருந்தது. அது இருமப்போவதற்கு முன்னாலேயே இவர் கால் போய்த் தட்டிக்கொடுத்துவிடும். தெருவே திரும்பிப் பார்த்தது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் விசிலை வாயில் வைத்தபடியே ஊத மறந்து நின்றார்.

"பாத்தியா? ஓடுதே!" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு வீடு, மூன்று வீடு. ஒரு குறையும் இல்லை. அடுத்த வீட்டில் ஒருவருக்குக் காலில் ஆழமான புண். அன்றைக்கு அதைச் சுத்தம் செய்ய வெகு நேரம் ஆகிவிட்டது. வெளியே நல்ல வெயில். வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது பானட் திறந்திருந்தது.

என் மனசுக்குள் ஒரு சின்ன மேளம் கொட்டியது. பொய் சொல்ல மாட்டேன்.

சட்டை முதுகெல்லாம் நனைந்து நின்றார். சுற்றிலும் ஆட்கள். தெருவில் கார் பானட்டைத் திறந்தால் போதும், ஊரில் உள்ள நிபுணர்கள் எல்லாம் எங்கிருந்துதான் வருவார்களோ. காய்கறிப் பையோடு ஒருவர், "பேட்டரியா இருக்கும் சார்" என்றார். பார்சல் கொண்டுவந்து கொடுக்கிறவர் தலையை உள்ளே விட்டு, "என்ன சார் இது, பாத்ரூம் பைப்பை எல்லாம் இங்க மாட்டியிருக்கீங்க?" என்றார். மாடியிலிருந்து ஓர் அம்மா, "பெட்ரோல் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். எத்தனையோ கோப்பை ஜெயித்த கார்களுக்குப் பெட்ரோல் அளந்து கொடுத்த மனிதர் அவர். அண்ணாந்து பார்த்தார். கழுத்து மட்டும் சிவந்தது.

என் பெட்டியை ஸ்டெப்னி மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். "எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுங்க. நான் பஸ்ல போறேன்."

"கொஞ்சம் இரு. ஆறினா கிளம்பிடும்."

"யாரு ஆறினா?" என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

சாயங்காலம் அவர் வருவதற்கு முன்பே எனக்குள் பேச்சு தயாராக இருந்தது. தோற்றுப்போய் வருவார், நாமும் குத்திக் காட்டக் கூடாது, நல்ல காபி ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகப் பழைய கார்புரேட்டரைப் பற்றி எடுக்கலாம். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கண் இரண்டும் மின்னியது.

"கண்டுபிடிச்சுட்டேன்! டிக்கியில பம்ப் சூடாகுது. சூட்டுல பெட்ரோல் ஆவியாயிடுது. அதை அடியில இறக்கி, காத்துப் படற இடத்துல மாட்டி, சுத்தி ஒரு சுருள் பைப் விட்டா..."

காபித் தம்ளரை மேஜையில் வைத்தேன். கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டேன் போலிருக்கிறது, பாதி கொட்டிவிட்டது.

"வேண்டாங்க. பழைய கார்புரேட்டரையே மாட்டிக் குடுத்துடுங்க."

சட்டென்று அந்த மின்னல் அணைந்தது. குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார். ஒரு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகுமா?

"எங்க வச்சிருக்கீங்க அதை?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா?"

"பல் டாக்டர்கிட்ட."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கார்புரேட்டருக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. மரப்பெட்டியில் எல்லாம் இருந்ததாம். அந்த உருளைப் பம்ப்பைச் சுழற்றும் பல்சக்கரமும் அதைத் தாங்கும் உறையும் மட்டும் இல்லையாம். பழைய கார்களாகச் சேர்த்து வைத்திருக்கும் பல் டாக்டர் ஒருவரிடம் அது இருந்ததாம். அவருடைய காருக்கு ஒரு ஜோடி நல்ல கார்புரேட்டர் தேவைப்பட்டதாம். நான் பயிற்சியில் இருந்தபோது கைமாற்றிக்கொண்டார்களாம்.

"என் கார்ல இருந்ததை."

"நான்தானே சுத்தம் பண்ணி..."

"என் கார்ல இருந்ததை, என்னை ஒரு வார்த்தை கேக்காம."

"உனக்குப் பரிசு குடுக்கத்தான்..."

"எனக்குப் பரிசு குடுக்க என் பொருளையே வித்தியா?"

இத்தனை வருஷத்தில் அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் இருவருக்கும் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. உங்க ரேஸ்ல சிக்னல் இருந்துச்சா?"

"இல்ல."

"மார்க்கெட் இருந்துச்சா? பஸ் ஸ்டாப்பு? நாலு தெருவுக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திக் கிளம்புவீங்களா?"

"ரேஸ் கார் நின்னா, ரேஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"சரி, காலையில எப்படிக் கிளப்புவீங்க?"

அவர் கீழே பார்த்தார். "தள்ளுவோம்."

"யாரு?"

"டீம்ல நாங்க நாலு பேர்."

"நாலு பேர் தள்ளினாத்தான் ஓடும்னு தெரிஞ்சே ஒத்தப் பொம்பளை காருக்கு மாட்டியிருக்க. எனக்கு எந்த நாலு பேர் வருவாங்க? கடைசியில வர்ற நாலு பேர்தான்!"

"அப்படியெல்லாம் பேசாத" என்றார் மெதுவாக. பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். கார் வாசலிலேயே நின்றது. அவருக்கும் எனக்கும் இடையே சாப்பாடு, துணி, தண்ணீர் வந்ததா என்பது மாதிரிப் பேச்சு மட்டும். அவர் பல் டாக்டரிடம் போய் வந்ததைக்கூட, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"கேட்டேன். அவர் கார்ல மாட்டியாச்சாம். ஒரே திருகுல கிளம்புதாம், ரொம்பப் பெருமையாச் சொல்றாரு."

"தெரியும். இருபது வருஷம் எனக்குக் கிளம்பினதுதானே."

"அந்த உருளைப் பம்ப்பைக் குடுத்தா திருப்பித் தர்றேங்கறாரு." சோற்றை ஓர் ஓரமாக ஒதுக்கினார். "குடுக்க மனசு வரல."

பொய் சொல்லியிருக்கலாம். டாக்டர் ஊரில் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். உண்மையைச் சொன்னதற்காக அவரை மெச்சுவதா, அந்த உண்மைக்காகக் கோபப்படுவதா என்று தெரியாமல் எழுந்து கை கழுவினேன்.

பஸ்ஸும் எனக்கு ஒத்துழைக்கவில்லை. ஒன்று வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை இறங்கிவிட்டது. எல்லா வீட்டுக்கும் தாமதம். சர்க்கரை நோயாளி அம்மா ஒருவர், தனியாக இருக்கிறவர், கண் சரியாகத் தெரியாது. காலையில் நான் போய் ஊசி போட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும். அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சாப்பாட்டை மூடிவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது. "பரவாயில்லம்மா, நீ வராம எங்க போயிடுவ" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவரிடம் அதைச் சொன்னேன். குறையாகச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, வீட்டில் அவர்தான் இருந்தார். அந்த அம்மாவின் கை எப்படி நடுங்கியது, தட்டை மூடியிருந்த துணி எப்படி இருந்தது, "நீ வராம எங்க போயிடுவ" என்று எந்தக் குரலில் சொன்னார், எல்லாம். பேச்சில் கியர் இல்லை, புகை இல்லை, சிக்னல் இல்லை. அவர் கழற்றி மாட்ட அதில் ஒன்றுமே இல்லை. முதல் தடவையாக ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்போ எப்படி இருக்காங்க?" என்றார் கடைசியில்.

"சாப்பிட்டாங்க. சரியாயிட்டாங்க."

"ம்."

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கார் பானட் திறந்திருந்தது. ஐயோ, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால், கீழே விரித்த சாக்கில் நான்கு வெள்ளிக் குழல்களும் வரிசையாகப் படுத்திருந்தன. இன்ஜினில் என் இரண்டு கார்புரேட்டர்கள். மேலே கறுப்பு டப்பா. அவர் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பம்ப்?" என்றேன்.

"குடுத்துட்டேன்."

"முழுசாவா?"

"பாதி குடுத்தா வாங்குவாரா?" என்றார். சிரிக்க முயன்றார். "போய்ச் சாவியைத் திருகு."

உட்கார்ந்தேன். திருகினேன். பிடித்துக்கொண்டது. தையல் மிஷின் மாதிரி அடக்கமாக ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்திருக்க வேண்டும். அவர் பானட்டை மூடியதும் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். குழல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் சுருட்டினார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார், அழுக்குப் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். பம்ப் இல்லாமல் அந்தக் குழல்கள் பூச்செடி வைக்கக்கூட ஆகாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

"இப்போ நான் கெட்டவ, அப்படித்தானே?"

"யாரு சொன்னா?"

"நீங்க சொல்லல. அதான் எரிச்சல். சொல்லியிருந்தா சண்டையாவது போடலாம்."

"சண்டை போட என்ன இருக்கு? உன் பொருளை உனக்குத் திருப்பிக் குடுத்தேன். அது நியாயம்தானே."

"நியாயம்தான்."

"அப்புறம் என்ன?"

"உங்க முகத்தைப் பாத்தா நியாயம் மாதிரி இல்லையே!"

அவர் கையைத் துண்டில் துடைத்தார். "முகத்தை என்ன பண்ணச் சொல்ற? அதைக் கழட்டி மாட்ட எனக்குத் தெரியாது" என்றார்.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். செய்தது அவர் தப்பு. திருத்தியதும் அவர். நஷ்டப்பட்டதும் அவர். நடுவில் நான் எதற்காக வெங்காயத்தை இப்படி வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கார் இப்போது ஓடுகிறது. நோயாளிகளுக்கு நேரத்துக்குப் போகிறேன். துணிக்கட்டுகள் பழையபடி டிக்கியில். பெட்ரோல் வாடை டிக்கியை விட்டுப் போகக் கொஞ்சம் நாளானது. பட்டறையில் அவர் தண்ணீர் மோட்டார்களோடு மல்லுக்கட்டுகிறார். பேசிக்கொள்கிறோம். 'நீங்க' திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு 'நீ' எங்கேயோ வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதை இருவரும் சுற்றிக்கொண்டு போகிறோம்.

போன வாரம் கடைக்குப் போகும்போது அவரும் ஏறிக்கொண்டார். இதெல்லாம் நடந்த பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து வருவது அதுதான் முதல் தடவை. பெரிய சிக்னலில் நின்றோம். இன்ஜின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தலை மட்டும் மெல்ல மெல்லச் சாய்ந்து, காது பானட் பக்கம் திரும்பியது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"ரெண்டாவது கார்புரேட்டர் மட்டும் லேசா..."

"இறங்குங்க."

"சிக்னல்லயா?"

"சிக்னல்லதான். நடந்து வாங்க."

அவர் இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டார். பச்சை விழுந்தது. கிளட்ச்சை விட்டேன். கார் போனது. பக்கத்தில் அவர் விரல்கள் முழங்காலின் மேல், எனக்குக் கேட்காத ஏதோ ஒரு தாளத்தைத் தட்டிக்கொண்டே வந்தன. அதைப் பார்க்கக் கூடாது என்று சாலையையே பார்த்து ஓட்டினேன்.